இந்தியோ என்றொரு வசவு

எதிரே யாராவது பெரிய மனிதர் வந்தால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடும் பழக்கம் ஏகநாதனுக்குக் கிடையாது. சேலையூர் கேம்ப் ரோட்டில் அவர் நடத்திவந்த மெஸ்ஸுக்கு பேங்க் மானேஜரும் வருவார், லாரி ஓட்டுகிறவரும் வருவார். இரண்டு பேருக்கும் ஒரே இலை, ஒரே கரண்டிக் குழம்பு. "கொஞ்சம் கவனிச்சுப் போடுப்பா" என்று யாராவது அதட்டலாகச் சொல்லிவிட்டால் உதட்டை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "இன்னா சார், கண்ணாடி போட்டுகினு ஊத்தணுமா?" என்பார். அந்த உதட்டுக் கோணலுக்குப் பயந்தே சிலர் வேறு ஓட்டலுக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார். வஞ்சிரக் குழம்பு தின்ன நாக்கு கேட்டால் திரும்ப இங்கேதான் வரவேண்டும்.

பரிமாறுவதெல்லாம் இடது கையால்தான். வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வெந்து, சுருங்கி, பழைய ரப்பர் போல இறுகிக் கிடந்தது. இடது கையால் சோறு போடுகிறானே என்று முகம் சுளித்தவர்களுக்கு அவர் காரணம் சொன்னதில்லை.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவர். இருபது வயதில் ராயபுரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தயவில் பம்பாய் போய்க் கப்பலேறினார். கப்பலில் அவருக்குப் பண்டாரி வேலை, அதாவது சமையல். நடுவில் ஊருக்கு வந்து கிளியம்மாளைக் கட்டினார். அடுத்த லீவில் வந்தபோது மகள் காமு தவழ்ந்துகொண்டிருந்தாள். அதற்கடுத்த லீவில் அவள் இவரைப் பார்த்துப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

1986ஆம் வருஷம், கிரேக்க முதலாளி ஒருவனின் சரக்குக் கப்பல் அவரைப் பெரு நாட்டுக்குக் கொண்டுபோனது. கயாவ் துறைமுகம். கோதுமையை இறக்கிவிட்டு மூட்டை மூட்டையாக மீன்தூள் ஏற்றினார்கள். மூட்டை கிழிந்த இடத்தில் கையை விட்டு முகர்ந்து பார்த்தவருக்கு ஆச்சரியம். நம் நெத்திலிக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு மீன். அதைக் கடல் கடலாக வாரி, காயவைத்து, அரைத்து, ஐரோப்பாவில் பன்றிக்கும் கோழிக்கும் அனுப்புகிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களோ மதியத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். குட்டையான, கறுத்த, கன்ன எலும்பு துருத்திய ஆட்கள். மேஸ்திரி வெள்ளைத்தோல். அவன் வாயில் நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு சொல் வந்தது: "இந்தியோ!" அந்தச் சொல்லைத் தொடர்ந்து எச்சிலும் வந்தது.

தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஏகநாதன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கப்பல் துறையை விட்டுக் கிளம்பிய அன்று காலை அலை கொஞ்சம் அதிகம். பூரிக்கு வைத்திருந்த எண்ணெய்ச் சட்டி சாய்ந்து அவர் கைமேல் கவிழ்ந்தது. காப்டன் வந்து பார்த்தான், கடிகாரத்தையும் பார்த்தான். கப்பலுக்குத் துறைமுக வாசல்வரை வழிகாட்டிய பைலட்டைக் கரைக்குக் கொண்டுபோகும் படகிலேயே இவரையும் இறக்கிவிட்டு, "மூன்று வாரத்தில் திரும்பி வருவோம், ஏற்றிக்கொள்வோம்" என்று சொல்லிப் போனான். அந்தக் கப்பலை ஏகநாதன் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய குமாஸ்தாவுக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி மீசை. பெயர் கேட்டான், சொன்னார். எந்த நாடு என்று கேட்டான். துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கிய ஸ்பானிஷ் கொஞ்சம் இருந்தது அவரிடம். வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தியோ" என்றார்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னான், அவனும் சிரித்தான். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "அப்படிச் சொல்லாதே. அது கெட்ட வார்த்தை. நீ இந்து. இந்தியாவிலிருந்து வருகிறவனுக்கு இங்கே பெயர் இந்து. இந்தியோ என்றால்..." கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் வார்டைக் காட்டினான். "அதோ, அதுகள்."

அதுகளில் ஒருவருக்குப் பக்கத்துக் கட்டிலைத்தான் இவருக்குக் கொடுத்தார்கள்.

ஐம்பது வயது இருக்கும், பார்த்தால் எழுபது. இருமினால் கட்டில் ஆடும். மலைமேல் வாங்காவெலிகா என்ற ஊர்ப்பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சுக்குள் கல்தூள் சேர்ந்துவிட்டது. பெயர் வமான். ஏகநாதன் காதில் அது வாமனன் என்று விழுந்தது. ஒரு வாரம் வாமனா, வாமனா என்றே கூப்பிட்டார். அந்த ஆளும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எட்டாம் நாள், கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, "வமான். எங்கள் பாஷையில் பருந்து" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஏகநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து பெயரை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கூப்பிட்டார்.

வமானுக்கும் ஸ்பானிஷ் சொந்த பாஷை இல்லை. இரண்டு பேருமே உடைந்த ஸ்பானிஷ்தான் பேசினார்கள். அதனாலேயே ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. குமாஸ்தா சொன்னதை ஏகநாதன் சொன்னபோது வமான் இருமி இருமிச் சிரித்தார்.

"உன் ஊர் என்று நினைத்து எங்கள் ஊரில் வந்து இறங்கினான் கொலம்பஸ். எங்களுக்கு உன் பெயரை வைத்தான். ஐந்நூறு வருஷமாக அந்தப் பெயரில் அடி வாங்குகிறோம். இப்போது பெயருக்குச் சொந்தக்காரன் நீ வந்தால் உனக்குத் தரமாட்டேன் என்கிறான். அவ்வளவு அசிங்கப்படுத்தியாகிவிட்டது அதை."

வமான் பள்ளிக்கூடம் போனதில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்துவாராம். அங்கே கேட்டதும் வீட்டில் கேட்டதும் கலந்து அவரிடம் நிறைய இருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளையர்கள் வமானுடைய ஜனங்களின் ராஜாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓர் அறை நிறையத் தங்கம் கொடு, விடுகிறேன் என்றார்களாம். கொடுத்தான். அதன் பிறகும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த வெள்ளையன் வந்து சேருவதற்கு முன்னாலேயே அவன் கொண்டுவந்த அம்மை வந்து சேர்ந்து, பாதி ஊர் செத்திருந்தது. மிச்சமிருந்தவர்களில் ஏழு ஆம்பளைக்கு ஒருவன் வருஷாவருஷம் சுரங்கத்துக்குப் போகவேண்டும் என்று சட்டம். போகிறவனுக்கு ஊரே ஒப்பாரி வைத்து அனுப்பும். வாங்காவெலிகாவில் பாதரசச் சுரங்கம். அதில் இறங்கினவன் பல் கொட்டி, கை நடுங்கிச் சாவான்.

"எங்கள் பக்கத்தில் பெற்றவர்களே பிள்ளையின் காலை உடைப்பார்களாம்" என்றார் வமான். "நொண்டியைச் சுரங்கத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் இல்லையா?"

ஏகநாதன் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் செய்ய வைத்தவர்களைக் குறித்து அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் மனிதர்கள் மேல் வருவது. குழம்பில் விழுந்து செத்த பல்லியைப் பார்த்தால் கரண்டியை எட்டப் பிடித்துத் தூக்கி எறியத் தோன்றுமே, அந்த அருவருப்புதான் வந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் மீசைக் குமாஸ்தா வந்து கட்டிலைத் தட்டினான். ஊருக்குள்ளிருந்து யாரோ வேண்டப்பட்டவருக்குக் கட்டில் வேண்டுமாம். வார்டில் இருபது கட்டில் இருந்தன. எழுப்பியது வமானைத்தான். வமான் போர்வையை மடித்து வைத்தார், செருப்பைத் தேடினார். "அவரால் நடக்க முடியாது" என்று ஏகநாதன் கத்தினார். குமாஸ்தா திரும்பி, "இந்து, உன் வேலையைப் பார்" என்றான். சுவரைப் பிடித்துப் பிடித்து, நாலு தரம் நின்று இருமி, வமான் வாசலைத் தாண்டிப் போனார். பிழைத்தாரா செத்தாரா, ஏகநாதனுக்குத் தெரியாது.

கப்பல் கம்பெனி ஒருவழியாக டிக்கெட் அனுப்பி ஊர் வந்து சேர்ந்தபோது கை வலை இழுக்கவும் உதவாது, கப்பலுக்கும் உதவாது என்று ஆகியிருந்தது. காமுவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடவேண்டும் என்று கிளியம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். குப்பத்தை விட்டு சேலையூர் வந்து மெஸ் போட்டார்கள்.

பள்ளிக்கூடத்தை நடத்தியவர் பக்தவச்சலம். ஜனங்கள் கரஸ்பாண்டென்ட் என்பார்கள். சஃபாரி சூட், நெற்றியில் சந்தனக் கீற்று, பேச்சில் பாதி நியூ ஜெர்சியில் இருக்கும் மகனைப் பற்றி. 1992 அக்டோபரில் அவர் முதல்முறையாக மெஸ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"மிஸ்டர் ஏகநாதன், கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடிச்சு ஃபைவ் ஹண்ட்ரட் இயர்ஸ் ஆகுது. நம்ம ஸ்கூல்ல கிராண்டா ஒரு ஃபங்ஷன் வைக்கிறோம். நீங்கதான் சீஃப் கெஸ்ட்."

ஏகநாதன் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நான் எதுக்கு சார்?"

"என் சன் வரதா இருந்தான், லீவ் கிடைக்கல. நம்ம ஏரியாவுல அமெரிக்கா பார்த்தவர்னா அடுத்தது நீங்கதானே."

"நான் பாத்தது பெரு சார்."

"அதுவும் அமெரிக்காதானே? சவுத்! எல்லாம் ஒரே காண்டினென்ட். அஞ்சு நிமிஷம் பேசுங்க, பசங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன். கொலம்பஸா நடிக்கிற பையனுக்கு ஒரு மாலை போடணும், அவ்வளவுதான். உங்க டாட்டரும் டிராமாவுல இருக்கா."

உதடு கோணியது. ஆனால் மகள் பெயரைச் சொல்லியாகிவிட்டதே. "வரேன்" என்றார்.

அன்று சாயந்திரம் காமுவைக் கேட்டார். எட்டாம் வகுப்பு. கோணிப்பையில் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோழி இறகு ஒரு குவியல்.

"நீ இன்னா வேசம்மா?"

"ரெட் இண்டியன். தலைவி. எனக்குத் தனியா டான்ஸ் கீது நைனா. நானே ஸ்டெப் போட்டேன்."

"கொலம்பசு யாரு?"

"பேங்க் மானேஜர் பையன். சேப்பா கீறான்ல, அதான்."

"இந்தியனா யார் யாரு கீறாங்க?"

காமு விரல் விட்டுச் சொன்னாள். ஒன்பது பேர். இவர்களைப் போலக் குப்பத்தை விட்டுக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு, கொத்தனார் மகள், வண்ணான் குளத்துப் பக்கத்துப் பையன்கள், ஏரிக்கரையிலிருந்து வருகிற ஒருத்தி. ஏகநாதனுக்கு அத்தனை பேரையும் தெரியும். ஒன்பது பேரும் கறுப்பு. மிஸ் வகுப்பில் எல்லோரையும் நிற்கவைத்து, கையைக் கையோடு ஒட்டிப் பார்த்துப் பிரித்தாளாம்.

"கடசீல இன்னா பண்ணுவீங்க?"

"கொலம்பஸ் கால்ல வுழுவோம். அவுரு எங்களுக்கு புக்கு குடுப்பாரு."

பள்ளிக்கூட ஷெட்டில் மேடை. பின்னால் துணியில் மூன்று கப்பல். பாய்மரத்துக்குப் பக்கத்தில் நியூயார்க் சுதந்திர தேவி சிலையும் வரைந்திருந்தார்கள். பெற்றோர்கள் முந்நூறு பேருக்குக் குறையாது. கிளியம்மாள் பட்டுப்புடவையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெல்வெட் தொப்பியும் அட்டைக் கத்தியுமாக மானேஜர் மகன் வந்து இறங்கினான். கரி பூசிய ஒன்பது பிள்ளைகள் "ஊ ஊ" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தன. சபை சிரித்தது. ஆளைப் பார்த்ததும் பயந்து பதுங்கவேண்டும் என்று மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தபடி பதுங்கின. சபை இன்னும் சிரித்தது. பக்தவச்சலம் ஏகநாதன் காதருகே குனிந்து, "எவ்வளவு நேச்சுரலா இருக்கு பாருங்க!" என்றார்.

அடுத்தது காமுவின் ஆட்டம். அவள் நடுமேடைக்கு வந்து நின்றாள். அதற்குள் அறிவிப்பாளர் டீச்சர் முந்திக்கொண்டு, "இப்போது நம் சிறப்பு விருந்தினர் கொலம்பஸுக்கு மாலை அணிவிப்பார்" என்றுவிட்டார். ஏகநாதன் எழுந்தார். மாலையை வாங்கினார். பையனுக்கு எதிரே போய் நின்றார். பையன் கழுத்தை நீட்டினான்.

"நீ போய் உக்காரு ராஜா. உன் மேல ஒண்ணும் தப்பு இல்ல" என்று சொல்லி, மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு மைக் பக்கம் போனார்.

"நான் அமெரிக்கா பாத்தவன்னு சொல்லி கூட்டாந்து குந்தவச்சிகீறாங்க. நான் பாத்தது ஒரு ஆஸ்பத்திரி. அங்க பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு இருந்தாரு, வமான்னு பேரு. இங்க கரி பூசிகினு நிக்குதுங்களே புள்ளைங்க, அவங்க ஆளு. அவுரு ஊ ஊன்னு கத்தல. என்னாண்ட அவ்ளோ அழகா பேசினாரு. கண்டுபுடிச்சான் கண்டுபுடிச்சான்றீங்களே, இன்னாத்த கண்டுபுடிச்சான்? ஜனம் குடியிருக்கிற ஊர்ல வழி தெரியாம வந்து பூந்தான். இது இந்தியாதான்னு சாவுற வரிக்கும் சாதிச்சான். தப்புன்னு தெரிஞ்சப்புறமும் அந்தப் பேர மாத்தல ஒருத்தனும். பேரு போனா போவுது. தங்கம் கொண்டாரலன்னா கைய வெட்டுனான். சுரங்கத்துக்கு புடிச்சிகினு போவானேன்னு பெத்தவங்களே புள்ள கால ஒடச்சாங்க..."

பக்தவச்சலம் மைக்செட்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார். மைக் செத்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கட்டுமரத்திலிருந்து கரைக்குக் குரல் கொடுத்து வளர்ந்தவருக்கு மைக் வேண்டாம். ஏகநாதன் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, "கால ஒடச்சாங்கன்றேன்!" என்றார். கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுக்கு விழா எடுக்கிறாரு இவரு. கறுப்புப் புள்ளைங்கள தேடிப் புடிச்சி கால்ல வுழ வைக்கிறாரு. இவரு பையன் அங்க போயி ஒரு வேலைல குந்திட்டானாம், அதுக்கு எங்க புள்ளைங்க தண்டம் போடணுமா? த்தூ!"

மேடையை விட்டு இறங்கினார். பிறகு பக்தவச்சலம் உயிர் வந்த மைக்கைப் பிடித்துச் சிரித்தார். "நம் சிறப்பு விருந்தினர் அவருக்கே உரிய நகைச்சுவையோடு வரலாற்றை எடுத்துச் சொன்னார். நன்றி!" என்றார். சபை கை தட்டியது. நன்றாகவே தட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் ஏகநாதனால் தாங்கமுடியவில்லை. ஐந்நூறு வருஷத்துச் சாவைச் சொல்லி முடித்தால் இவர்களுக்கு அது மிமிக்ரி.

வீடு வரும்வரை காமு பத்தடி முன்னாலேயே நடந்தாள். முகத்தில் கரி, கண்ணீர் ஓடிய இடத்தில் மட்டும் கோடு. வீட்டுக்குள் வந்ததும் இறகுக் கிரீடத்தைக் கழற்றி எறிந்தாள்.

"நீ சொன்னதெல்லாம் சரி நைனா. என்ன ஒரு வார்த்த கேட்டியா? நான் ஆட நின்னுகினு இருந்தேன். ஒரு மாசமா பழகினேன். நான் பதுங்கினதுக்கு அப்புறம் எழுந்து அவன நேரா பாத்து ஆடுற மாதிரி ஸ்டெப் வச்சிருந்தேன். மிஸ்ஸுக்கே தெரியாது. கால்லயும் வுழுந்திருக்க மாட்டேன். நீ வந்து பேசிட்டே. ஒருத்தரும் பாக்கல."

கிளியம்மாள் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நின்று, "நல்லா கேளுடீ" என்றாள். "ஊருக்கெல்லாம் ஞாயம் சொல்ற மனுசன். மேடைல நின்ன பொண்ணு கண்ணுல படல." அன்றுவரை தன் உதட்டுக் கோணலை மற்றவர்களுக்கே ஒதுக்கி வைத்திருந்தவர், கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றும்போது அங்கே தெரிந்த ஆளைப் பார்த்து முதல்முறையாகக் கோணினார். பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டானாம். மைக் வேறு.

இரண்டாம் நாள் பள்ளியிலிருந்து காகிதம் வந்தது. நிர்வாகத்திடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் மகளைத் தொடர்ந்து அனுமதிப்பது பற்றி யோசிக்கவேண்டியிருக்கும்.

இந்தத் தடவை ஏகநாதன் காகிதத்தைக் காமுவிடம் நீட்டினார். "படி. நீ இன்னா சொல்றியோ அதான். எழுதிக் குடுன்னா குடுத்துர்றேன்."

அவள் இரண்டு தரம் படித்தாள். "என்னாண்ட மன்னிப்புக் கேட்டியா நீ?"

"இல்ல."

"அத மொதல்ல கேளு."

கேட்டார். அவருக்கு அந்த வார்த்தை வாயில் பழக்கமில்லை. மீன் முள் போல நடுவில் ஒருதரம் நின்று, பிறகு வந்தது. காமு நோட்டிலிருந்து தாள் கிழித்து, டி.சி. கேட்டு அவளே எழுதினாள். அதைக் கொடுக்கப் போனபோது பக்தவச்சலம் நாற்காலியிலிருந்து எழாமல், "கவர்ன்மென்ட் ஸ்கூல்ல போட்டா பொண்ணு ஃபியூச்சர் போயிடும்" என்றார். "அவங்கவங்க லெவல்னு ஒண்ணு இருக்கில்ல?" பதில் சொல்லும் அளவுக்கு அந்த ஆளை ஏகநாதன் மதிக்கவில்லை. டி.சி.யை வாங்கி மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டு, காமுவை முன்னால் விட்டு நடந்தார்.

அரசுப் பள்ளியில் ஒரு பெஞ்சில் ஆறு பேர். இரண்டு மாதம் காமு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு சிநேகிதிகள் சேர்ந்தார்கள். பொங்கலுக்கு நடந்த கலைவிழாவில் அவள் ஆடினாள். கடைசி வரிசையில் நின்று ஏகநாதன் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் ஏதோ கேட்டபோது, "சும்மா இரு சார், பாக்க வுடு" என்றார்.

ஏப்ரலில் முழுப்பரீட்சை. சமூக அறிவியல் பரீட்சை முடிந்து வந்தவள் கேள்வித்தாளை மெஸ் மேஜையில் போட்டாள். ஒரு சொல்லில் விடையளிக்கும் பகுதியில் மூன்றாவது கேள்வி: அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?

ஏகநாதன் அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிட்டேன் நைனா" என்றாள் காமு. "கொலம்பஸ்னே எழுதினேன். ஒரு மார்க்கு எதுக்கு வுடணும்?"

அவர் கேள்வி போட்டவனை மனத்துக்குள் ஒருதரம் நிற்கவைத்துப் பார்த்தார். வழுக்கைத் தலை, ஜிப்பா, சாவகாசமான ஆள். உதடு கோணியது.

"வுடாத" என்றார். "அவன்கிட்ட இருந்து வர்றது எதையும் வுடாத." பிறகு இடது கையால் ஒரு இலையை எடுத்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, அவளுக்கு வஞ்சிரத் துண்டு இரண்டு வைத்தார்.